திருத்திய கொப்பியும் திருந்தாத கட்டுரையும்: தரம் 10 இல் மீளெழுதலும் குழு அளிக்கையும்

மஸ்கெலியா ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தரம் 10 இல் தமிழ்மொழியும் இலக்கியமும் கற்பிக்கின்றேன். வகுப்பில் 38 பிள்ளைகள். சென்ற தவணையில் இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை என்று ஒழுங்கு வைத்து, எல்லாக் கொப்பிகளையும் வீட்டுக்குக் கொண்டுசென்று, ஓர் எழுத்தும் விடாமல் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். முதலாவது கட்டுரையில் நான் திருத்திய பிழைகள் அதே பிள்ளைகளிடமிருந்து ஆறாவது கட்டுரையிலும் அப்படியே வந்தன. கொப்பியைக் கையில் வாங்கியதும் புள்ளி எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள் என்பதை மிகவும் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இரண்டாவது சிக்கல் அளிக்கை, அதாவது குழுவாக வகுப்பின் முன் வந்து பேசுவது. பிள்ளைகளை ஆறு குழுக்களாகப் பிரித்து, தேயிலை வந்த வரலாறு, மண்சரிவு, நீர்மின் நிலையங்கள் என்று தலைப்புகள் கொடுத்தேன். 40 நிமிடப் பாடவேளையில் இரண்டு குழுக்கள்தான் முடித்தன. டிமைத் தாள் என்னும் பெரிய தாளில் கட்டுரை முழுவதையும் எழுதி ஒட்டிவிட்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார்கள். கேட்டிருக்க வேண்டியவர்களோ தங்கள் முறை வருமுன் தங்கள் தாளுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்விரண்டையும் சீராக நடத்துவோர் இங்கு இருந்தால், எப்படி நடத்துகிறீர்கள் என்பதைச் சற்று விரிவாக எழுதுங்கள்.


பதுளை ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

டீச்சர், முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கொப்பிக்கு 8 நிமிடம் என்று வைத்தாலும் 38 கொப்பிகளுக்கு 304 நிமிடம், அதாவது ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கொப்பியைப் பிள்ளை பார்த்தது அரை நிமிடம். உழைக்க வேண்டியவர் உழைக்கவில்லை, அவருக்காக நீங்கள் உழைத்திருக்கிறீர்கள்.

இதற்கு நம் சொல்வழக்கும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு. விடைத்தாள் திருத்துவதும் திருத்துதல்தான், தான் எழுதியதைத் தானே செப்பம் செய்வதும் திருத்துதல்தான். முதலாவது ஆசிரியருக்கு உரியது, இரண்டாவது எழுதியவருக்கு உரியது. நாம் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டதாக நம்பிக்கொள்கிறோம். ஆகவே நான் பணியில் இருந்த கடைசிப் பத்து ஆண்டுகளில் முதல் வரைவில் சிவப்பு மை வைப்பதையே நிறுத்தியிருந்தேன். பென்சிலால் ஓரத்தில் இரண்டு கேள்விகள் மட்டும் எழுதுவேன், புள்ளி போட மாட்டேன். புள்ளி விழுந்த தாளைப் பிள்ளை மறுபடி எழுதாது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மண்சரிவு பற்றிய கட்டுரையில் ஒரு மாணவன் இப்படித் தொடங்கியிருந்தான்: "மழை காலத்தில் மலையக மக்கள் பல இன்னல்களை எதிர் நோக்குகின்றனர். மண்சரிவு ஏற்படுகிறது. இதனால் மக்கள் பாதிக்கப்படுகின்றனர். அரசாங்கம் இதில் கவனம் செலுத்த வேண்டும்." பழைய வழக்கப்படி என்றால் 'மழைக்காலத்தில்' என்று ஒற்றைச் சேர்த்து, 'எதிர்நோக்குகின்றனர்' என்று சொல்லைச் சேர்த்து, ஒரு சரியும் போட்டுக் கொடுத்திருப்பேன். எழுத்துப் பிழை போயிருக்கும், ஆனால் அந்தப் பந்தியில் சொல்லப்பட்டது ஒன்றுமில்லை என்ற குறை அப்படியே இருந்திருக்கும். நான் எழுதிய கேள்விகள் இரண்டு. மண் சரியப்போகிறது என்று உன் வீட்டில் யாருக்கு முதலில் தெரியும்? எதைப் பார்த்துத் தெரியும்?

இரண்டாம் வரைவு இப்படி வந்தது (லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு): "எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தால் அம்மா எங்களை எழுப்பிக் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். சுவரில் கிடந்த வெடிப்பில் சென்ற ஆண்டு என் சுண்டுவிரல் நுழையவில்லை, இந்த ஆண்டு நுழைகிறது." எல்லாப் பிள்ளைகளிடமும் இப்படி வராது. ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் எத்தனை போத்தல் சிவப்பு மை செலவழித்தாலும் அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

எழுத்துப் பிழைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றைக் கடைசியில் பாருங்கள். மீளெழுதும்போது தூக்கி எறியப்படப்போகும் பந்தியில் ஒற்றுப் பிழை திருத்துவது, இடிக்கப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது.


தலவாக்கலை புதிய ஆசிரியர் எழுதியது:

ஐயா சொல்வது ஏற்கத்தக்கதே. ஆயினும் நடைமுறையில் இரண்டு தடைகள் இருக்கின்றன. சாதாரண தரப் பரீட்சையில் விடைத்தாளைப் பார்ப்பவர் இரண்டாம் வரைவு கேட்கப்போவதில்லை. எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறையும். அதைவிட, சிவப்பு இல்லாத கொப்பியைப் பார்த்தால் பெற்றோர் "சேர் கொப்பி பார்ப்பதில்லை" என்று கூறுகிறார்கள். மேற்பார்வைக்கு வருபவர்களும் முதலில் புரட்டுவது கொப்பியைத்தான். எனக்கு நியமனம் கிடைத்து இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. துணிந்து இதைச் செய்யத் தயக்கமாக உள்ளது.


பதுளை ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

தம்பி, பரீட்சையில் இரண்டாம் வரைவு இல்லை என்பதனால்தான் வகுப்பில் அது வேண்டும் என்கிறேன். கொப்பி பற்றிய பயத்துக்கு எளிய வழி இருக்கிறது. முதல் வரைவை இடப்பக்கத்திலும் மீளெழுதியதை வலப்பக்கத்திலும் எழுத வையுங்கள். வலப்பக்கத்தில் வேண்டியமட்டும் சிவப்பு வைத்துக் கையொப்பமும் திகதியும் போடுங்கள். இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்தப் பெற்றோரும் குறை சொன்னதை நான் கண்டதில்லை.


ஹட்டன் டீச்சர் எழுதியது:

எழுத்துப் பிழை விடயத்தில் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஒற்று மிகும் இடங்கள் அனைத்தையும் ஒரே கட்டுரையில் திருத்தினால் பிள்ளைக்கு அவை ஆசிரியரின் விருப்பத்துக்குப் போடப்படும் ஒற்றுகளாகவே தோன்றும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு விதி என்று வைத்துக்கொண்டேன். முதலில் 'ஐ' உருபும் 'கு' உருபும். "கொழுந்தைப் பறித்து, தொழிற்சாலைக்குக் கொண்டு செல்வார்கள்" என்ற வாக்கியத்தைக் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு வாரமும் அழிக்காமல் விட்டேன். அந்த இரண்டு வாரமும் அவ்விரு உருபுகளையும் அடுத்து வரும் ஒற்றை மட்டுமே பார்ப்பேன், மற்றவை தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டேன். வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பொட்டு வைத்தால் அந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது என்று பொருள். எங்கே என்று பிள்ளைதான் தேட வேண்டும். லகர ளகர ழகரமும் ரகர றகரமும் இப்படி விதியில் அடங்காதவை. அவற்றுக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவரவர் பிழைத்த சொற்களை அவரவரே சேர்த்து வைப்பதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வாக்கிய அமைப்புக்குக் கண்ணைவிடக் காது நல்ல ஆசிரியர். இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் கட்டுரையை மற்றவர் குரல்விட்டு வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எழுதியவரே வாசித்தால் தாளில் இல்லாததையும் சேர்த்து வாசித்துவிடுவார். தோழி வாசிக்கும்போது தட்டுப்படும் இடத்தில் எழுதியவள் பென்சிலால் கோடு போடுவாள். "தொழிலாளர்கள் காலையில் மலைக்குச் சென்று மாலையில் திரும்பினான்" என்பது போன்ற எழுவாய் பயனிலை முரண்கள் இதில் உடனே அகப்படும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பே சிரித்துவிடும். அந்தச் சிரிப்பு எழுதியவரைக் குத்தாதபடி பார்த்துக்கொள்வது மட்டும் நம் வேலை.


பண்டாரவளை ஆசிரியை எழுதியது:

எல்லோரும் பிழையைப் பற்றியே பேசுகிறோம். பிழையல்லாததைத் திருத்துவதைப் பற்றியும் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். என் வகுப்பில் ஒரு மாணவி தன் தாயின் ஒரு நாளைப் பற்றி எழுதியிருந்தாள். பெரட்டுக்களம் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்), இடுப்பில் சுற்றும் படங்கு, கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, கொந்தரப்பு, பிள்ளைக் காம்பரா (பிள்ளை பராமரிப்பு நிலையம்) என்று எல்லாவற்றையும் அதனதன் பெயராலேயே சொல்லியிருந்தாள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அம்மாவுக்கு "அரைப்பேர்தான் விழும்" என்று ஒரு வரி. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு அனுப்புவதற்காக அதைச் செம்மைப்படுத்திய ஒருவர் 'அரைப்பேர்' என்பதை அடித்துவிட்டு 'அரைநாள் ஊதியம்' என்று எழுதினார். கொந்தரப்பு 'ஒப்பந்த வேலை' ஆயிற்று. படங்கும் மட்டக்கம்பும் முற்றாக நீக்கப்பட்டன. திருத்திய கட்டுரை பிழையற்று இருந்தது. ஆனால் அதில் அந்தத் தாய் இல்லை.

அரைநாள் ஊதியம் என்பது சம்பளக் கணக்கு. அரைப்பேர் என்பதோ, முழுநாளும் மலையில் நின்றவளுக்குப் பெயரேட்டில் பாதிதான் உண்டு என்பது. இரண்டும் ஒன்றல்ல. தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களில் வட்டாரத்துக்கு உரிய திசைச்சொல்லையும் ஒன்றாக வைத்தார். இருநூறு ஆண்டுகளாக ஒரு மக்கள் கூட்டம் புழங்கும் சொல்லுக்கு நம் சிவப்பு மையில் இடமில்லை என்பது விந்தையாக இருக்கிறது.


தலவாக்கலை புதிய ஆசிரியர் எழுதியது:

டீச்சர், உங்கள் ஆதங்கம் புரிகிறது. எனது தாயும் கொழுந்து பறித்தவர்தான். ஆனால் வேறு மாவட்டத்திலிருந்து விடைத்தாள் பார்க்க வரும் ஒருவருக்குக் கொந்தரப்பு என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? பேச்சுவழக்கு என்று கருதிப் புள்ளியைக் குறைத்துவிட்டால் இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தானே?


பண்டாரவளை ஆசிரியை எழுதியது:

இரண்டையும் வேறுபடுத்த வேண்டும். "அம்மா வந்திச்சு" என்பதை "அம்மா வந்தார்" என்று மாற்றத்தான் வேண்டும், அது எழுத்து வழக்கின் இலக்கணம். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலையின் பெயர், அதற்கு ஈடான வேறு சொல்லை நான் அறியேன். பெயரை வைத்துக்கொண்டு வாக்கியத்துக்குள்ளேயே பொருளை விளங்க வைப்பதுதான் எழுதும் திறன். "மழைக்கும் அட்டைக்கும் காப்பாக இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கை அம்மா அடுப்படியில் உலர்த்தினார்" என்று எழுதிவிட்டால் எந்த ஊர்ப் பரீட்சகருக்கும் அகராதி தேவைப்படாது.


தலவாக்கலை புதிய ஆசிரியர் எழுதியது:

போட்டிக் கட்டுரைக்கு அது பொருந்தும். நேரக் கட்டுப்பாடுள்ள பரீட்சைக்கு நான் இன்னும் பொதுச்சொல்லையே சொல்லிக்கொடுப்பேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.


நுவரெலியா வரலாற்று ஆசிரியர் எழுதியது:

அளிக்கையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். நான் வரலாறு கற்பிப்பவன். சென்ற ஆண்டு என் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

தேயிலை பற்றிப் பேச வந்த குழுவின் தலைவி, "கோப்பிச் செடிகள் இலைத்துரு நோயினால் அழிந்துபோனமையால் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார்" என்று சொன்னாள். நாம் எல்லோரும் சொல்லும் வாக்கியம்தான், எழுத்தில் வந்திருந்தால் நான் சரி போட்டிருப்பேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "நோய் கண்டது 1869 என்று மற்றத் தாளில் எழுதியிருக்கிறதே, பிறகு எப்படி அது 1867 க்குக் காரணமாகும்?" என்று கேட்டான். வகுப்பு அமைதியானது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் விடை சொல்லாமல், அடுத்த கிழமைக்குள் அந்தப் பந்தியைத் திருத்தி எழுதிக்கொண்டு வரும்படி சொன்னேன். திரும்பி வந்த பந்தியில், டெய்லரின் பயிர்ச்செய்கை நோய்க்கு முந்தியது என்றும், நோய் கோப்பியை வீழ்த்திய பின்னரே தோட்டங்கள் பரவலாகத் தேயிலைக்கு மாறின என்றும் இரண்டு வாக்கியங்களாகப் பிரித்து எழுதியிருந்தாள். காரணத்தையும் தொடர்ச்சியையும் பிரித்தறிய நான் ஒரு தவணை முழுவதும் கற்பித்திருந்தாலும் அது இவ்வளவு உறைத்திருக்காது.

அன்றுதான் எனக்கு விளங்கியது. நாம் அளிக்கையை முடிவில் வைக்கிறோம், கட்டுரை எழுதி, திருத்தி, புள்ளி போட்ட பிறகு அதையே சுவரில் ஒட்டி வாசிக்கச் சொல்கிறோம். அப்போது கேள்வி கேட்டு என்ன பயன்? முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் நடுவில் அளிக்கை வர வேண்டும். இது புதிதும் அல்ல. நம் புலவர்கள் நூலைச் சபையில் வைத்துத் தடைக்கு விடை சொல்லித்தானே அரங்கேற்றினார்கள்? கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதற்சொல்லின் புணர்ச்சியிலேயே ஒருவர் தடை எழுப்பினார் என்றும், வீரசோழியம் என்னும் இலக்கண நூலில் விதி கிடைக்கும் வரை அரங்கேற்றம் மேலே செல்லவில்லை என்றும் வழங்கும் கதையைக் கோயிலில் புராணப்படிப்புக் கேட்டவர்கள் அறிவார்கள்.

இனி ஒழுங்கு. ஆறு குழுக்களை ஒரே பாடவேளையில் அடக்க முயல வேண்டாம். ஒரு குழு பேச 8 நிமிடம், கேள்விக்கு 3, தாளை ஒட்டவும் இடம் மாறவும் 2, ஆக 13. மூன்று குழுக்களுக்கு 39 நிமிடம். மற்ற மூன்றும் அடுத்த நாள். முதற் பாடவேளையில் வைக்க வேண்டாம். மழை நாளில் தோட்டத்தின் மேற்பிரிவுகளிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் நனைந்துகொண்டு எட்டு மணிக்குத்தான் வகுப்புக்குள் நுழைகிறார்கள், பேச வேண்டியவர் அவர்களில் ஒருவராகவே இருப்பார்.

டிமைத் தாளில் முழு வாக்கியம் இருக்கக் கூடாது என்பது ஒன்றே நான் கண்டிப்பாக வைத்திருக்கும் விதி. பெயர், ஆண்டு, படம், அம்புக்குறி, இவை மட்டும். வாக்கியம் இல்லாவிட்டால் வாசிக்க முடியாது, ஆகவே வகுப்பைத் திரும்பிப் பார்த்துப் பேசத்தான் வேண்டும். தாளை முதல்நாள் கரும்பலகையில் ஒட்டிவிட்டு, எழுதியவரையே கடைசி வாங்கில் இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பென்சிலிலும் மஞ்சள் நிறத்திலும் எழுதியவை அப்போதே அடிபட்டுப்போகும். புரொஜெக்டர் ஒன்று எங்கள் பாடசாலையிலும் இருக்கிறது. அதை எடுத்துவந்து பொருத்தி முடிக்கையில் பாடவேளையில் பாதி போய்விடுவதால் நான் அதைத் தேடுவதில்லை.

கேட்பவர்களுக்கும் வேலை வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் ஒரு கேள்வி எழுத வேண்டும். 'எப்படி, ஏன், எந்த ஆண்டு' என்று தொடங்கும் கேள்வியாக இருக்க வேண்டும், 'நன்றாக இருந்தது' ஏற்றுக்கொள்ளப்படாது. மூன்று கேள்விகளுக்கு அங்கேயே பதில். மிகுதித் துண்டுகள் அந்தக் குழுவிடம் போகும், அவற்றை வைத்துத்தான் அவர்கள் இரண்டாம் வரைவு எழுதுவார்கள்.


ஹட்டன் டீச்சர் எழுதியது:

வரலாற்று ஆசிரியரின் பதிவில் ஒன்று விடுபட்டிருக்கிறது. பேசவே மாட்டாத பிள்ளைகளை என்ன செய்வது? வெளியில் பாடிக்கொண்டு திரியும் பிள்ளை கரும்பலகைக்கு முன் வந்ததும் கல்லாகிவிடுகிறது. வள்ளுவர் அவையஞ்சாமைக்குத் தனி அதிகாரமே வைத்தார் என்றால் அச்சம் பழையதுதான். என் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு அச்சம் கூட்டத்தைக் கண்டு வருவதில்லை. வீட்டில் பேசும் தமிழ் வாயில் வந்துவிடுமோ, அதற்குச் சிரிப்பார்களோ என்றுதான் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி மனனம் செய்யக் கொடுப்பேன். அது வாயிலிருந்து வந்துவிட்டால் மிகுதி வந்துவிடும். அதற்கும் இயலாதவர்கள் படத்தைச் சுட்டிக்காட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம், அடுத்த முறை ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அளிக்கை நடக்கும்போது மொழியைத் திருத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நடுவில் "வந்திச்சு இல்லை, வந்தது" என்று சொல்லி ஒரு பிள்ளையை அந்தத் தவணை முழுவதும் வாய் திறக்காமல் செய்தவள் நான்தான்.


மஸ்கெலியா ஆசிரியை எழுதியது:

மூன்று வாரத்துக்குப் பிறகு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

புள்ளி போடாத முதல் வரைவைப் பிள்ளைகள் முதலில் ஏற்கவில்லை. "டீச்சர், எத்தனை?" என்று நாள் முழுவதும் கேட்டார்கள். ஓரக் கேள்வி இரண்டு என்று வைத்ததில் கொப்பிக்கு மூன்று நிமிடம்தான் ஆனது. ஆனால் நல்ல கேள்வி கேட்பது திருத்துவதைவிடக் கடினம் என்று கண்டேன். முதல் இருபது கொப்பிகளில் "இன்னும் விரிவாக எழுதுக" என்றே எழுதியிருக்கிறேன். அவை எதிலும் இரண்டாம் வரைவு தேறவில்லை, சொற்கள்தான் கூடின. யார், எப்போது, எதைக் கண்டாய் என்று கேட்ட கொப்பிகளில் மாற்றம் தெரிந்தது.

அளிக்கையை நடுவில் வைத்தேன். மண்சரிவுக் குழு ஒரு தகரத் தட்டில் மண்ணைச் சாய்வாகக் குவித்து, பாதியில் புல் பதித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றிக் காட்டியது. மேசையும் தரையும் சேறானதில் அடுத்த குழுவுக்கு ஐந்து நிமிடம் போயிற்று. அந்தத் தாமதத்தை நான் திட்டமிட்டிருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை அவர்கள் சொன்னபோது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளைப் பற்றி ஒரு துண்டுக் கேள்வி வந்தது: "சிவப்பு என்றால் வெளியேற வேண்டும் என்கிறீர்கள், எங்கள் பிரிவில் எங்கே போவது?" குழுவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இப்போது அந்தக் குழுவின் இரண்டாம் வரைவில் ஒரு பந்தி முழுவதும் அதைப் பற்றியதே. கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட வெளிக்கள உத்தியோகத்தரிடமும் தாங்களாகவே கேட்டு, ஒரு வரைபடமும் கீறி வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்தியில் எட்டு ஒற்றுப் பிழைகள் இருக்கின்றன. ஹட்டன் டீச்சர் சொன்னபடி ஓரத்தில் எட்டுப் பொட்டுகள் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அரைப்பேர் விவாதத்துக்கும் ஒரு சேதி. என் வகுப்பில் ஒரு பிள்ளை கைக்காசு என்று எழுதியிருந்தது. அடிக்கக் கையெடுத்துவிட்டு, "மஸ்கெலியாவுக்கு வெளியே இருப்பவருக்கு இதை எப்படி விளக்குவாய்?" என்று ஓரத்தில் கேட்டு விட்டேன். பதில் வியாழக்கிழமை வரும்.